மூணுக்கு ஜீரோ: 2014ஆ, 2015ஆ?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது. சென்னையின் எஃப்சி கால்பந்து அணி முதன்முதலாக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற 2015 சீசனின் செமி ஃபைனலை, சென்னை நேரு ஸ்டேடியத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்ததாக உங்களுக்கு நினைவு. மொரப்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தே போனீர்கள். எதிரணி மஞ்சள் ஜெர்சி. நம் அணி மூணுக்கு ஜீரோ. கடைசி நேரத்தில் ஜெஜே கோல் அடித்ததும் முன்வரிசையில் இருந்த முகம் தெரியாத ஆள் திரும்பி அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிறகும் ஆட்டம் முடியவே இல்லை. அப்பா வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அரையாண்டுப் பரீட்சை நடுவில் பையனைக் கூட்டிக்கொண்டு போனதற்கு அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். இதை நண்பர்களிடம் சொன்னபோது, "2015 செமி ஃபைனல் சென்னையிலேயே நடக்கல, கதை விடாதே" என்று சிரித்துவிட்டார்கள். அப்பா இப்போது இல்லை, கேட்டுச் சரிபார்க்க முடியாது. மேட்ச் எங்கே நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவோடு இருந்த அந்த ஒரு நாள் நிஜமாகவே நடந்ததா என்ற பயம்தான் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. நீங்கள் சொன்னதும் பொய் இல்லை. நீங்கள் பார்த்த ஆட்டம் 2014 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை இரவு சென்னையில் நடந்த செமி ஃபைனல்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். ஒரு வருடம் தள்ளி நினைவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். நான் காவேரிப்பட்டினத்துக்காரன். இருபது வருடத்துக்கு மேல் தர்மபுரி மாவட்டப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருந்தவன், மாவட்ட அளவில் கால்பந்து ரெஃப்ரியாகவும் விசில் ஊதியவன். ஆட்டம் பார்க்கும்போது நோட்டும் பேனாவும் இல்லாமல் உட்கார எனக்குத் தெரியாது. சென்னை அணியின் முதல் இரண்டு சீசன் ஆட்டங்களும், டிவியில் பார்த்தவை உட்பட, கோடு போட்ட நோட்டில் என் கையெழுத்தில் இருக்கின்றன. உங்கள் கேள்வியைப் படித்ததும் பரணில் இருந்து அதைத்தான் எடுத்தேன்.

முதலில் 2015. அந்த வருடம் டிசம்பர் முதல் இரண்டு நாளில் சென்னை என்ன ஆனது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செம்பரம்பாக்கம் திறந்தது, அடையாறு வீட்டுக்குள் வந்தது, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய்ப் போர்வை, பிஸ்கட், மெழுகுவர்த்தி என்று வாங்கி வந்து விளையாட்டுச் சாமான் அறையில்தான் குவித்தோம். கால்பந்து வலைக்குப் பக்கத்தில் பெட்ஷீட் மூட்டை. லாரி வரும்வரை மூன்று நாள் அந்த அறையில் இருந்து ஒரு பந்தைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. அந்த நிலையில் சென்னையில் ஆட்டம் நடத்த வழியில்லை. அதனால் சென்னையின் எஃப்சிக்கும் கொல்கத்தாவுக்கும் இரண்டு ஆட்டமாக நடக்க வேண்டிய செமி ஃபைனலின் முதல் ஆட்டத்தை, அதாவது நம் சொந்த ஊர் ஆட்டத்தை, புனே பாலேவாடி ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12, சனிக்கிழமை. அதிலும் மூணுக்கு ஜீரோதான். பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கு ஒன்று. டிசம்பர் 16 அன்று கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2–1 என்று தோற்றோம். இரண்டையும் கூட்டினால் 4–2, ஃபைனலுக்குப் போய்விட்டோம். ஆக, 2015 செமி ஃபைனல் சென்னை மண்ணில் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. இதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது 2014க்கு வாருங்கள். ஐஎஸ்எல் தொடங்கிய முதல் வருடம் அது. லீக் கட்டத்தில் முதலிடம் பிடித்தது நம் அணிதான். நம் எலானோ 8 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். நாலாவது இடத்தில் இருந்த கேரளா பிளாஸ்டர்ஸோடு செமி ஃபைனல். டிசம்பர் 13 அன்று கொச்சியில் முதல் ஆட்டம், அவர்கள் நம்மை மூணுக்கு ஜீரோ என்று அடித்துப் போட்டார்கள். அந்தக் கடனைச் சுமந்துகொண்டுதான் மூன்று நாள் கழித்து சென்னையில் இறங்கினோம். இங்கேதான் உங்கள் அப்பா, நீங்கள், முன்வரிசை ஆள் எல்லோரும் வருகிறீர்கள்.

என் நோட்டில் அந்தப் பக்கத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். முதல் பாதியிலேயே கேரளாவின் மெக்கலிஸ்டருக்கு ரெட் கார்டு. அவர்கள் பத்துப் பேர் ஆனார்கள். 42ஆவது நிமிடம் சில்வெஸ்ட்ரே முதல் கோல். 76இல் ஜிங்கன் காலில் பட்டு சேம் சைடு கோல். இரண்டு. இன்னும் ஒன்று வேண்டும், நேரம் ஓடுகிறது. 90ஆவது நிமிடம் ஜெஜே. அந்த வரியில் என் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அடுத்த பக்கத்திலும் அதன் தடம் பதிந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் ஸ்டேடியத்தில் இருந்த எல்லோருக்கும் ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்திருக்கும். முன்வரிசை ஆள் உங்கள் அப்பாவைக் கட்டிப்பிடித்தது அதனால்தான். ஆனால் கணக்கு வேறு. கொச்சியில் 0–3, இங்கே 3–0. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் மூணுக்கு மூணு, சமம். எனவே எக்ஸ்ட்ரா டைம், முப்பது நிமிடம். "ஆட்டம் முடியவே இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது இந்த முப்பது நிமிடம்தான். பெனால்டி ஷூட் அவுட்டுக்கு மூன்றே நிமிடம் இருக்கும்போது, 117ஆவது நிமிடத்தில், கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒன்று போட்டார். பத்துப் பேரோடு ஆடிய அணி. அந்த ஆட்டத்தை 3–1 என்று நாம் ஜெயித்தோம், செமி ஃபைனலை 4–3 என்று தோற்றோம். ஜெயித்த ஆட்டம் முடிந்து, அழுதுகொண்டு வெளியே வந்த கூட்டம் அது. அப்பா ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கொடுத்த குறிப்புகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சில எந்தப் பக்கமும் சாயாதவை. 3–0 என்ற ஸ்கோர் இரண்டு வருடத்திலும் வருகிறது. ஜெஜே இரண்டிலும் கோல் அடித்திருக்கிறார். மொட்டைத்தலை ஹியூம் எதிரணியில் ஓடியது ஞாபகம் இருக்கிறது என்று சொன்னீர்கள். அவரும் உதவ மாட்டார், 2014இல் கேரளாவில் இருந்தார், 2015இல் கொல்கத்தாவுக்குப் போய்விட்டார். இரண்டு செமி ஃபைனலிலும் நமக்கு எதிராகக் கோல் அடித்த ஆள் அவர். "நேரு ஸ்டேடியம்" என்ற பெயரும் உதவாது. சென்னையில் இருப்பது ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், கொச்சியில் இருப்பதும் அதே பெயர், 2015 ஃபைனல் நடந்த கோவா ஃபட்டோர்டாவும் அதே பெயர். டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்து மனதில் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். நினைவு தடம் மாறுவதற்கு இதைவிட வசதியான சந்திப்பு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

பக்கம் சாய்கிற குறிப்புகள் நான்கு. ஒன்று, மஞ்சள் ஜெர்சி. கொல்கத்தா சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அணி; மஞ்சள் கேரளா. இரண்டு, நீண்டுகொண்டே போன ஆட்டம். 2015 செமி ஃபைனல் இரண்டும் 90 நிமிடத்தோடு முடிந்தவை. மூன்று, அப்பாவின் மௌனம். அதைச் சொல்லிவிட்டேன். நான்காவதுதான் எனக்குத் தீர்ப்பு மாதிரிப் பட்டது: பரீட்சை. பள்ளிக்கூடத்து ஆள் என்பதால் இதைக் கவனித்தேன். டிசம்பர் நடுவில் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும், அது வழக்கம். ஆனால் 2015இல் வெள்ளத்தால் அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த டிசம்பரில் பரீட்சை நடுவில் பையனை மேட்ச்சுக்குக் கூட்டிப் போக எந்த அப்பாவாலும் முடிந்திருக்காது, திட்டுவதற்கு அம்மாவுக்கும் காரணம் இருந்திருக்காது. நீங்கள் எழுதியதில் போகிறபோக்கில் சொன்ன வரி இது. அதனால்தான் அதை அதிகம் நம்புகிறேன். மனசு பெரிய காட்சிகளைத்தான் அலங்கரித்து அடுக்கும். அம்மாவிடம் வாங்கிய திட்டை இடம் மாற்றி வைக்க அதற்கு அவசியம் இல்லை.

இதற்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2015 சீசனிலும் மஞ்சள் ஜெர்சி சென்னைக்கு வந்தது. நவம்பர் 21, சனிக்கிழமை, லீக் ஆட்டம். கேரளாவை 4–1 என்று வென்றோம், மெண்டோசா ஹாட்ரிக். அப்பா உங்களைக் கூட்டிப் போனது அதற்காக இருக்கலாமா? இருக்கலாம். சனிக்கிழமை என்பதால் ஊரில் இருந்து கிளம்புவதும் சுலபம். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்த பையன் மெண்டோசா பெயரைச் சொல்லாமல் ஜெஜே பெயரைச் சொல்வானா என்பது என் சந்தேகம். அதில் எக்ஸ்ட்ரா டைமும் இல்லை, வாய்மூடி வெளியே வர வேண்டிய துக்கமும் இல்லை. இரண்டு ஆட்டத்துக்கும் போயிருந்தீர்கள், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றால் அதையும் நம்புவேன். அதைத் தீர்ப்பதற்கு என் நோட்டு போதாது; உங்கள் வீட்டில் தேட வேண்டும்.

நினைவு இப்படி இடம் மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரெஃப்ரி பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடமே, கோல் விழுந்ததும் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே நேரத்தையும் நம்பரையும் எழுது என்பதுதான். ஆட்டம் முடிந்து எழுதலாம் என்று விட்டால், அரை மணி நேரத்திலேயே குழப்பம் வந்துவிடும். மாவட்டப் போட்டிகளில் பார்த்திருக்கிறேன், ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பதினொரு பேரிடம் இரண்டாவது கோலை யார் போட்டது என்று கேட்டால் மூன்று பெயர் வரும். மூன்று பேரும் சத்தியம் செய்வார்கள். ஒருவனும் பொய்யன் இல்லை.

என் கதையையே சொல்கிறேன். 2015 ஃபைனல், டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊர் பேக்கரியில் பார்த்தேன். முதல் பாதியில் கோல் இல்லை. 54ஆவது நிமிடம் பெலிசாரி அடித்த பெனால்டியை கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். உடனே நமக்கு இன்னொரு பெனால்டி, மெண்டோசா அடித்தார், கட்டிமணி அதையும் தடுத்தார். 87இல் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோவாவுக்கு இரண்டாவது கோல். பேக்கரியில் பாதிப் பேர் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்கள். கடைக்காரர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். 90ஆவது நிமிடம் பந்து கோவா வலைக்குள். அதற்கு மேல் இரண்டு நிமிடத்தில் மெண்டோசா இன்னொன்று. 3–2. வெளியே பைக்கை ஸ்டார்ட் செய்தவர்கள் சத்தம் கேட்டு, வண்டியை ஓடவிட்டபடியே உள்ளே ஓடி வந்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த கடைக்காரர் அப்படியே அதை மேலே தூக்கி ஆட்டினார். லாரியை ஓரம் கட்டிவிட்டு டீ குடிக்க வந்த ஓசூர் டிரைவர் ஒருவர், அன்றுதான் முதன்முதலாகக் கால்பந்து பார்க்கிறார், யார் எந்த அணி என்று தெரியாமலே என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் என் பிள்ளைகளிடம், "90க்கு மேல மெண்டோசா ரெண்டு கோல் போட்டான்டா, ஆட்டம் முடியறவரைக்கும் விடக் கூடாது" என்று சொல்லி வந்திருக்கிறேன். கிரவுண்டில், பிரேயரில், வழியனுப்பு விழாவில். நோட்டை எடுத்து இப்போது பார்த்தால், 90ஆவது நிமிடத்துக்கு எதிரே "மெண்டோசா" என்று எழுதி, அதை அடித்து, "சே.சை. – கட்டிமணி" என்று என் கையெழுத்திலேயே திருத்தியிருக்கிறேன். சமன் செய்த கோல் சேம் சைடு கோல். இரண்டு பெனால்டியைத் தடுத்த அந்தக் கோல்கீப்பரின் கணக்கில்தான் அது எழுதப்பட்டது. நானே திருத்தி எழுதியதை நானே மறந்து, அழகாக இருந்த பாடத்தை வைத்துக்கொண்டேன். கட்டிமணிக்கு அது எவ்வளவு கொடுமையான இரவு என்பது என் கதையில் இருந்து காணாமல் போய்விட்டது. ஆக, உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கிறது. உங்கள் மனசு அப்பாவோடு பார்த்த ஆட்டத்தைத் தூக்கிக் கோப்பை வென்ற வருடத்தில் வைத்துவிட்டது. நல்ல சாமானை நல்ல அலமாரியில் வைப்பது மாதிரி.

அந்த அலமாரி ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2015 சீசன் சாதாரணமாகத் தொடங்கி சாதாரணமாக ஜெயித்த சீசன் இல்லை. அக்டோபர் 3 அன்று சென்னையில் தொடக்க ஆட்டமே கொல்கத்தாவிடம் 3–2 தோல்வி. கோவாவில் போய் 4–0 என்று அடித்தோம், பிறகு மளமளவென்று சரிந்தோம். பத்து ஆட்டம் முடிந்தபோது 10 புள்ளி, அட்டவணையில் கடைசி இடம். கோச் மாட்டெராஸ்ஸியை மாற்ற வேண்டும் என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். அப்புறம் கேரளாவை 4–1, மூன்று நாளில் டெல்லியை 4–0, அப்படியே கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் வென்று 22 புள்ளியோடு மூன்றாவது இடம். நடுவில் ஊரே தண்ணீரில். செமி ஃபைனலைச் சொந்த மைதானத்தில் ஆடக் கொடுத்துவைக்காமல் கோப்பையோடு வந்தார்கள். மெண்டோசாவுக்கு 13 கோல், கோல்டன் பூட். அந்த ஜனவரியில் எங்கள் கிரவுண்டில் இடது ஓரத்தில் ஓடத் தெரிந்த பையன் எல்லோருக்கும் மெண்டோசா என்றே பெயர். ஒரே அணியில் மூன்று மெண்டோசா இருந்தார்கள், யாரும் பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். இப்படி ஒரு சீசனில் எனக்கும் ஒரு டிக்கெட் இருந்தது என்று நினைக்க யாருக்குத்தான் ஆசை வராது? கொஞ்சம் கொஞ்சமாக நிறையப் பேர் அந்த வருடத்துக்குள் குடிவந்துவிட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லி வைக்கிறேன், உங்கள் நண்பர்கள் வட்டத்திலும் இருக்கக்கூடும். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் பெங்களூரு எஃப்சியை வென்று இரண்டாவது கோப்பை வாங்கினோம். அதுவும் 3–2. மைல்சன் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கண்டீரவா ஸ்டேடியம் நம் ஓசூரில் இருந்து பக்கம் என்பதால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போனார்கள், நானும் போனேன். "ஃபைனலை நேரில் பார்த்தேன், மூணுக்கு ரெண்டு" என்று யாராவது சொன்னால், எந்தக் கடைசி நிமிடக் கோல் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். நாம் போட்டது என்றால் 2015, நமக்கு எதிராக விழுந்தது என்றால் 2018. கடைசியில் பெங்களூருவின் மிகு ஒன்று போட்டார், அதற்கு மேல் நேரம் இல்லை.

நண்பர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வருடத்தை விட்டுக்கொடுங்கள், நாற்காலியை விட்டுக்கொடுக்காதீர்கள். "நான் பார்த்தது 2014, கேரளா மேட்ச்" என்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய இரவு. 2015 செமி ஃபைனலில் 3–0 என்பது முன்கூட்டியே கையில் வாங்கிய பணம். அடுத்த ஆட்டத்தில் கொஞ்சம் செலவு செய்தாலும் மிச்சம் இருந்தது. 2014இல் 3–0 என்பது கழுத்தில் இருந்த கடனைக் காலணா மிச்சமில்லாமல் அடைத்தது. மூன்று கோல் பின்தங்கி இறங்கிய அணி அதை 90ஆவது நிமிடத்தில் அடைத்ததை, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இருந்து பார்த்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் அன்று வீட்டு டிவி முன்னால்தான் இருந்தேன். பரீட்சை மேற்பார்வை இருந்ததால் லீவு கிடைக்கவில்லை. உங்கள் அப்பா ஒரு வேலை நாளில் ரயில் ஏற்றி உங்களைக் கூட்டிப் போயிருக்கிறார். கொச்சியில் மூணு ஜீரோ தோற்ற பிறகு, ஜெயிக்க வழி குறைவு என்று தெரிந்தே.

அப்பா உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு கத்தினார், கப் ஜெயித்த நாள் என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அதை நான் எங்கும் மாற்றவில்லை. அது 2015 டிசம்பர் 20, ஞாயிறு, உங்கள் வீட்டு டிவி முன்னால் நடந்திருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு முன்னால் பேசாமல் ரயில் ஏறிய அதே மனிதர்தான் அன்று கத்தியிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளாகச் சேர்த்துவிட்டால் நடுவில் அவர் காத்திருந்த ஒரு வருடம் தொலைந்துபோகும். அதனால்தான் தேதியைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

தேட வேண்டிய இடங்கள் சில. ஸ்டேடியத்தில் போனில் போட்டோ எடுத்திருந்தால் அதன் விவரத்தில் தேதி இருக்கும். பழைய போன் சார்ஜ் ஏறவில்லை என்றால் மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அம்மாவிடம் வருடத்தைக் கேட்காதீர்கள், நீங்கள் அப்போது எந்த வகுப்பு, எந்தப் பரீட்சை என்று கேளுங்கள். அம்மாக்களுக்கு வகுப்புக் கணக்குத்தான் ஞாபகம் இருக்கும். அப்பாவின் பெட்டியில், பர்ஸில், எல்ஐசி பேப்பர் வைக்கிற ஃபைலில் டிக்கெட்டின் பாதித் துண்டு இருக்கிறதா பாருங்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் பஸ் டிக்கெட்டைக்கூட மடித்து வைப்பார்கள். ஆட்டம் முடிந்து என்ன ரயில் பிடித்தீர்கள், எந்த கேலரியில் உட்கார்ந்தீர்கள் என்பதை எல்லாம் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

டிக்கெட் கிடைத்தால் எதிரணிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். டிசம்பர் 16 என்றால் என் நோட்டின் அந்தப் பக்கத்தை, பேனா கிழித்த இடத்தோடு, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன், டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 21 என்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியதும் தப்பு. இங்கேயே வந்து ஒரு வரி சொல்லுங்கள் தம்பி, பதிலைத் திருத்திவிடுகிறேன்.